தபாலில் பழகிய தொடர் ஓட்டம்

கள்ளக்குறிச்சி
12.7.2023

அன்புள்ள நாயகி,

வேறு யாராவது சொல்லி உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று விடியற்காலை நம் ஊர் மைதானத்தில் நான் நாலு காலில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் காலத்தில், அதாவது கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில், நூறு மீட்டர் ஓடுகிறவன் கையோடு ஒரு களைக்கொத்து கொண்டுபோவான். கோட்டுக்குப் பின்னால் இரண்டு குழி பறித்து, அதில் கால் விரலை ஊன்றிக் கிளம்பினால்தான் அது ஓட்டம். அந்த நினைப்பில் நம் கடையிலிருந்து புதுக் களைக்கொத்து ஒன்றை எடுத்துப் போய்க் குழி பறித்தேன். காலை வைத்தேன். கையை ஊன்றினேன். எனக்கு நானே "செட்" சொல்லி இடுப்பைத் தூக்கினேன். போன இடுப்பு போனதுதான். கீழேயும் இறங்கவில்லை, முன்னாலும் போகவில்லை.

நடைப் பயிற்சிக் கோஷ்டி முதல் சுற்றில் என்னை யோகா என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போனது. இரண்டாவது சுற்றில் ஒருவர், "இத்த எத்தினி நிமிசம் வெச்சிருக்கணும் சார்?" என்று கேட்டார். மூன்றாவது சுற்றில் இரண்டு பேர் பக்கத்தில் நின்று அதே மாதிரி செய்து பார்த்தார்கள். ஒரு நாய் என் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்து, இவ்வளவு பெரிய நாயை இதுவரை பார்த்ததில்லையே என்பது போல யோசித்தது. கடைசியில் ஷேர் ஆட்டோ சின்னக்கண்ணு வந்து, மடிந்தது மடிந்தபடி என்னைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டான். போட்டவன் நேரே வீட்டுக்கு வரக்கூடாதா? வழியில் இரண்டு பேரை ஏற்றினான். அவர்கள் அண்ணனுக்கு என்ன என்று கேட்டதற்கு "ரன்னிங் ரேஸ்" என்றான்.

ஏன் போனேன் என்று நீ கேட்க வேண்டும். மைதானத்துச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். டிசம்பரில் மதுரையில் மூத்தோர் தடகளப் போட்டி. நீ நானூறு மீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறாயே, அதேதான். அதில் கலப்புத் தொடர் ஓட்டம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பெண், இரண்டு ஆண், எல்லோரும் ஐம்பது தாண்டியவர்கள். நாம் சேர்ந்து ஓடினால் என்ன என்று தோன்றியது.

தியாகதுருகத்தில் அண்ணன் மகன் கல்யாணத்தில் நான் மைக் பிடித்ததும், நீ கோபித்துக்கொண்டு மலைமேல் கரியாலூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கிப் போனதும் ஊருக்கே தெரியும். சனி ஞாயிறுகூட நீ இறங்கி வருவதில்லை என்பதும் தெரியும். சாமி மலையேறிக் கேள்விப்பட்டிருக்கிறோம், பி.டி. டீச்சர் மலையேறி இப்போதுதான் பார்க்கிறோம் என்கிறார்கள். நான் சொல்லவில்லை. எலக்ட்ரீசியன் பாவாடை சொன்னது.

"வாயில பேசினா சிரிக்க வெச்சி தப்பிச்சிடுவீங்க, எழுதுங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுக்க மாட்டேன் என்கிறாய். எழுதிவிட்டேன். வீட்டுக்கு எப்போது வருவாய்?

ஆதிமூலம்

*

கரியாலூர்
20.7.2023

உரக்கடை உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது.

இடுப்புக்கு என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். வேப்பெண்ணெய் காய்ச்சி, சின்னக்கண்ணுவை விட்டு உருவிவிடச் சொல்லியிருப்பீர்கள். உருவக் கூடாது. உடனே ஐஸ் வைக்க வேண்டும். இரண்டு நாள் போனபிறகு மெதுவாக நடக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நாற்காலியில் இருந்த உடம்பை எழுப்பி, தூக்கக் கலக்கத்தோடு குழியில் இறக்கினால் அது அப்படித்தான் செய்யும். நம் கடை வேனைக்கூட மழைநாளில் கிளப்பினால் கொஞ்சம் உறுமவிட்டுத்தான் எடுக்கிறீர்கள்.

அந்தக் குழிகளை முதலில் மூடுங்கள். யாராவது காலை விட்டு மடக்கிக்கொள்வார்கள். இப்போது குழி பறிக்கிற வழக்கம் எங்கும் கிடையாது. இரும்புக் கட்டை இருக்கிறது. மதுரை மைதானத்தில் ஓடுபாதை ரப்பர் மாதிரி இருக்கும். அதில் களைக்கொத்தை இறக்கினால் போலீஸ் வரும்.

தொடர் ஓட்டம் பற்றி: நான் ஓடுவதை மைக்கில் சொன்னவரோடு நான் ஓட முடியாது. வீட்டுக்கு வருவது பற்றி இப்போது எழுத ஒன்றும் இல்லை.

பெ. பெரியநாயகி

அந்தக் களைக்கொத்தைக் கழுவித் திரும்பவும் புதிது என்று விற்காதீர்கள்.

*

கள்ளக்குறிச்சி
27.7.2023

அன்புள்ள நாயகி,

குழிகளை மூடிவிட்டேன். களைக்கொத்து விஷயத்தில் உன் கடிதம் ஒரு நாள் தாமதம்.

நீ ஐஸ் என்கிறாய். எங்கள் டிரில் மாஸ்டர் பொன்னுரங்கம் ஐஸைக் கல்யாணத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார். அவர் வைத்தியம் சுடுமணல் ஒத்தடம். அவர் பயிற்சியைச் சொன்னால் இன்றைக்கு அவரை உள்ளே தூக்கிப் போடுவார்கள். தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் வயிறு குலுங்கி ஓட்டம் போய்விடுமாம். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை குளுக்கோஸ் மாவு. விடியற்காலையில் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொள்வார். ஒரு பையன் அதைத் திருப்பி அவர் மேலேயே கொடுத்தான். அவனைச் சங்கிலிக் குண்டு எறிகிற கோஷ்டிக்கு மாற்றினார். தொடைக்குப் பலம் வர மைதானத்து உருளையை எங்களைக் கொண்டு இழுக்க வைத்தார். எங்களுக்குப் பலம் வந்ததோ இல்லையோ, மைதானம் சமமாக இருந்தது. கால் வலிக்கிறது என்றால் இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு, சரியாயிடும் என்பார். சரியாகத்தான் ஆகும். அடுத்து எதுவுமே தெரியாது.

அப்படிப் பழகியவன் நான். மாவட்டப் போட்டியில் தொடர் ஓட்டத்தில் இரண்டாவது வந்த குழுவில் இருந்தவன். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

ஒரு காரியம் செய்துவிட்டேன், கோபிக்காதே. உன்னைக் கேட்காமல் உன் சிநேகிதி தைலம்மாள் டீச்சரைப் பார்த்து இரண்டாவது ஓட்டத்துக்குச் சம்மதம் வாங்கிவிட்டேன். முதல் ஓட்டத்துக்குப் பாவாடை. கம்பம் ஏறுகிறவன், காலில் பலம் இருக்கிறது. இருவரும் உன்னிடம் பேசிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது நீ மாட்டேன் என்றால் நான் ஊரைவிட்டுப் போக வேண்டும். போனால் எங்கே போவேன், கரியாலூருக்குத்தான்.

உன் விசில் ஆணியில் தொங்குகிறது. நேற்று எடுத்து ஊதிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

ஆதிமூலம்

*

கரியாலூர்
6.8.2023

உரக்கடை உரிமையாளர் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்து இரண்டு இடத்தில் சிரித்தேன். சிரித்தபிறகு கோபம் ஜாஸ்தி ஆனது. நீங்கள் எப்போதும் செய்கிற வேலை இதுதான்.

பொன்னுரங்கம் மாஸ்டர் உங்களைத் தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டார். எங்கள் பள்ளிக்கூடத்து மாஸ்டர் எங்களை ஓடவே விடவில்லை. பெண் பிள்ளைகளுக்கு மைதானத்தில் இருந்த ஒரே வேலை, பையன்கள் ஓடி முடிக்கிற இடத்தில் கயிறு பிடிப்பது. நான் இரண்டு வருடம் கயிறு பிடித்தேன். ஒன்பதாவது படிக்கும்போது ஒரு தடவை ஓடு என்றார்கள். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஓடி முதலாவது வந்தேன். பரிசு ஒரு சோப்பு டப்பா. பயிற்சி என்று எதுவும் கிடையாது. பிறகு உடற்கல்வி படித்தேன். மற்றவர் பிள்ளைகளை ஓடவிட்டேன். ஐம்பதாவது வயதில்தான் எனக்கென்று ஓட ஆரம்பித்தேன். எந்த நாள் எவ்வளவு ஓட வேண்டும், எந்த நாள் படுத்துக் கிடக்க வேண்டும் என்று எனக்காக ஒரு திட்டம் போட்டேன். படுத்துக் கிடப்பதும் பயிற்சிதான் என்று இப்போது சொல்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. நம் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று உங்களிடம்தான் கேட்டுக்கொண்டேன்.

கல்யாண மண்டபத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நான் இருட்டில் ஓடுவதைப் பார்த்துப் பால்காரர், வீட்டில் யாருக்கோ ஆகிவிட்டது என்று சைக்கிளில் துரத்தி வந்ததாகச் சொன்னீர்கள். நாய்கள் வந்ததாகச் சொன்னீர்கள். நான் கை வீசுவதை நடித்துக் காட்டினீர்கள். மண்டபமே சிரித்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். எல்லோரும் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் நானும் சிரித்தேன். கன்னம் வலிக்கிற வரைக்கும் சிரித்தேன்.

சிரிப்பு இல்லாமல் எனக்கு ஒரே ஒரு கடிதம் எழுதுங்கள். உங்களால் முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பெரியநாயகி

*

கள்ளக்குறிச்சி
14.8.2023

நாயகி,

நீ விடியற்காலை எழுந்து ஷூ கட்டும்போது நான் தூங்குவது போலப் படுத்திருப்பேன். நான் விழித்துவிடக் கூடாது என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போவாய்.

ஒரு நாள் உன் பின்னால் வந்தேன். மைதானத்துச் சுவர் ஓரம் நின்று பார்த்தேன். பால்காரரும் இல்லை, நாயும் இல்லை. நீ மட்டும் ஓடிக்கொண்டிருந்தாய். நன்றாக ஓடினாய். எனக்குத் தெரியாத யாரோ ஒரு பெண்ணைப் போல இருந்தாய்.

எனக்குப் பயமாக இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கும்போது நீ மட்டும் எங்கேயோ போய்விடுவாய் என்று. அதை ஒரு சிரிப்பாக்கிவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தேன்.

அது தப்பு. என்னை மன்னித்துவிடு.

ஆதிமூலம்

*

கரியாலூர்
23.8.2023

கடைசி ஓட்டக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. அதைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இனி வேலை. முதலில் பாவாடை அண்ணன், பிறகு தைலம்மாள், மூன்றாவது நான், கடைசியில் நீங்கள். கடைசி ஓட்டம் பெரிய வீரனுக்குத்தான் என்று ஊருக்குள் பெருமை பேச வேண்டாம். நடுவில் ஓடுகிறவர் பேட்டன் குச்சியை வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். கடைசி ஆள் வாங்கினால் போதும். நீங்கள் ஒரு இடத்தில்தான் கெடுக்க முடியும்.

அந்த ஒரு இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். பொன்னுரங்கம் மாஸ்டர் உங்களுக்கு மூங்கில் குச்சியைத் திரும்பி நின்று பார்த்து வாங்கச் சொல்லிக் கொடுத்திருப்பார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான். அதில் வேகம் செத்துப்போகும். இப்போது நூறு மீட்டர் தொடரில் யாரும் பார்த்து வாங்குவதில்லை. தரையில் ஒரு பட்டி ஒட்டிவைப்போம். நான் அந்த அடையாளத்தைத் தொடுகிற வரைக்கும் நீங்கள் என்னைப் பார்க்கலாம். நான் தொட்டதும் முன்னால் திரும்பி, பின்னால் யாருமே இல்லாத மாதிரி முழு வேகத்தில் ஓட வேண்டும். நான் கிட்டே வந்து "கை" என்று கத்துவேன். நீங்கள் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். பேட்டன் வரும். என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

உங்களுக்கு அது கஷ்டம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால்கூட யார் சிரித்தார்கள் என்று திரும்பிப் பார்க்கிறவர்.

"ஏங்க" என்று கூப்பிடலாமே என்று கேட்பீர்கள். வீட்டில் இத்தனை வருடமாக அடுப்படியிலிருந்து நான் ஏங்க என்று கூப்பிட்டு நீங்கள் திரும்பியது கிடையாது. மைதானத்தில் மட்டும் உடனே திரும்புவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் "கை".

தண்ணீர் குடியுங்கள். தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்க வேண்டும்.

பெரியநாயகி

*

கள்ளக்குறிச்சி
9.9.2023

அன்புள்ள பயிற்சியாளர் அவர்களுக்கு,

தண்ணீர் குடிக்கிறேன். முதல் வாய் குடிக்கும்போது பொன்னுரங்கம் மாஸ்டர் எங்கிருந்தோ பிரம்போடு வருகிற மாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது. கடைக்கு வருகிற விவசாயிகள், அண்ணனுக்கு இன்னா, சர்க்கரையா என்று விசாரிக்கிறார்கள்.

ஓய்வு நாள் பயிற்சியில் நான் உன்னையே மிஞ்சிவிட்டேன் என்று தைலம்மாள் டீச்சர் சொல்கிறார்.

திரும்பாமல் வாங்குவதற்குக் கடையிலேயே பழகுகிறேன். கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். நம் கடையில் வேலை செய்கிற ஜெயம்மாள் பின்னாலிருந்து வந்து "கை" என்பாள். நான் பார்க்காமல் நீட்டுவேன். டீ டம்ளரை வைப்பாள். முதல் நாள் டீ பில் புக்கில் போயிற்று. இரண்டாம் நாள் வேட்டியில். மூன்றாம் நாள் யூரியா வாங்க வந்த ஒருவர், இந்தக் கடையில் பணத்தைப் பின்னால் நீட்டுகிற கையில்தான் வைக்க வேண்டும் போல என்று நினைத்து ஐநூறு ரூபாயை வைத்தார். அதை மட்டும் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மைதானத்தில் பாவாடைதான் நீ. அவன் "கை" என்று கத்துகிறான். நான் திரும்புகிறேன். கழுத்து கேட்கமாட்டேன் என்கிறது. "உன் மேல நம்பிக்கை இல்லாம இல்லடா, நீ கரெக்டா வர்றியான்னு பாத்தேன்" என்றேன். அவன் பேட்டனைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டான். "அண்ணே, அதுக்குப் பேருதான் நம்பிக்கை இல்லாதது" என்றான். உன் வாடை அவனுக்கும் அடித்துவிட்டது.

தபாலில் பழகி ஓட முடியாது நாயகி. ஒரு நாளாவது உன் கையிலிருந்து வாங்கிப் பார்க்க வேண்டும். அக்டோபர் இரண்டாம் தேதி கடை லீவு. முதல் பஸ்ஸில் வரட்டுமா? வரக்கூடாது என்றால் எழுது. எழுதவில்லை என்றால் வருவேன்.

ஆதிமூலம்

*

கரியாலூர்
5.10.2023

கடைசி ஓட்டக்காரருக்கு,

குடையை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். டப்பாவில் நீங்கள் கொண்டுவந்த காரக்குழம்பு இரண்டு நாள் வந்தது. நீங்களா வைத்தீர்கள்? உப்பு கம்மி. ஆனால் நன்றாக இருந்தது.

வெள்ளிமலை ரோட்டில் நீங்கள் ஓடியதைப் பற்றிக் குறிப்பு எடுத்திருக்கிறேன். முதலில் எல்லாம் திரும்பினீர்கள். நடுவில் திரும்பவில்லை, ஆனால் ஓடவும் இல்லை. பேட்டனுக்காக நடந்தீர்கள். பின்னால் யாருமே இல்லாத மாதிரி ஓடுங்கள் என்றேன். "நீ இல்லாத மாதிரி எப்டி ஓடறது? நாலு மாசமா அதான் வூட்டுல ஓடிக்கினு இருக்கேன்" என்றீர்கள். அப்போது நான் ஷூ கயிறு கட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன். கயிறு அவிழவில்லை.

மழை வந்த பிறகு ஓடியது எல்லாமே சரி. கழுத்து நரம்பு துடித்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். திரும்பவில்லை. என் பேட்டன் உங்கள் கையில் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. மரவள்ளிக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த இருசம்மாள், "டீச்சரும் அவுங்க வூட்டுக்காரரும் குச்சிக்குச் சண்டை போட்டுக்கினு ஓடறாங்க" என்று ஊருக்குள் சொல்லியிருக்கிறார். இங்கேயும் நமக்குப் பேர் வந்துவிட்டது. அது எனக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்தீர்கள். அது கணக்கில் சேராது.

பெரியநாயகி

*

கள்ளக்குறிச்சி
24.11.2023

அன்புள்ள நாயகி,

புது ஷூ வந்துவிட்டது. விலையைச் சொல்ல மாட்டேன். எங்கள் காலத்தில் அந்தப் பணத்துக்கு மாஸ்டரையே வாங்கியிருக்கலாம். போட்டதும் உயரமாக இருக்கிறேன். கடைப் பரணில் தலை இடிக்கிறது.

பாவாடை ஃபோனில் நான் ஓடுவதைப் படம் பிடித்து மெதுவாக ஓடவிட்டுக் காட்டினான். இதைத்தான் இப்போது எல்லோரும் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்களாம். எனக்குத் திருத்த ஒன்றும் தெரியவில்லை. முகம் மட்டும் பயந்த முகமாக இருக்கிறது. அதற்கு எந்த மாஸ்டரிடமும் மருந்து இருந்ததில்லை.

உண்மையைச் சொல்லவா? தோற்றுப்போவதற்குப் பயம் இல்லை. மதுரையில் ஓடி முடித்ததும் நீ அங்கிருந்தே வேறு பஸ் பிடித்து மலைக்குப் போய்விடுவாயோ என்றுதான். நீ வீட்டுக்கு வருவாயா என்று முதல் கடிதத்தில் கேட்டேன். இன்னும் நீ பதில் எழுதவில்லை.

ஆதிமூலம்

*

கரியாலூர்
30.11.2023

உங்கள் கேள்வியை மறக்கவில்லை. முதலில் ஓடுவோம். பேட்டன் கைக்கு வரும், நம்புங்கள். முதல் நாள் இரவு பரோட்டா வேண்டாம்.

பெரியநாயகி

*

கள்ளக்குறிச்சி
3.1.2024

அன்புள்ள நாயகி,

நீ மலைக்குத் திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் பாவாடை மதுரைக் கதையை ஊர் முழுக்கத் தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நீ தரையில் கிடந்ததால் முழுசாகப் பார்க்கவில்லை. என் பக்கத்தை நான் எழுதிவிடுகிறேன்.

பாவாடை கம்பத்தில் மின்சாரம் தாக்கியவன் மாதிரி கிளம்பினான். தைலம்மாள் டீச்சர் ஒன்றும் கெடுக்கவில்லை. நீ வளைவில் வரும்போது நாம் இரண்டாவது. உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மைதானத்துச் சுவர் ஓரம் நின்று பார்த்தேனே, அதே பெண். இந்தத் தடவை என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். நீ பட்டியைத் தொட்டாய். நான் திரும்பி ஓடினேன்.

அதற்கப்புறம்தான் சத்தம் கேட்டது. "கை" இல்லை. "ஏங்க."

நாயகி, என் கழுத்து திரும்பப் பார்த்தது. சத்தியமாகத் திரும்பப் பார்த்தது. நான்தான் விடவில்லை. இவள் கடைசி நேரத்தில் என்னைச் சோதிக்கிறாள், திரும்பினால் இந்த ஜென்மத்துக்கு வீட்டுக்கு வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டினேன். எதுவும் வரவில்லை. இன்னும் நீட்டினேன். வரவில்லை. வரும் என்று எழுதியிருக்கிறாயே, வரும் என்று ஓடினேன். ஒரு கை பின்னால், ஒரு கை முன்னால், ரயிலில் கக்கூஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் மாதிரி நேர்ப்பாதை முழுவதும் ஓடி, கோட்டைத் தாண்டிவிட்டேன். இரண்டாவதாகத்தான் தாண்டினேன். அதை யாரும் சொல்வதில்லை.

ஒரு அதிகாரி வந்து, "பேட்டன் எங்க சார்?" என்றார்.

"பின்னாடி வருது" என்றேன்.

அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். நீ அங்கே தொடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாய். தலை குனிந்திருந்தது. தோள் குலுங்கியது. வலியில் என்னைக் கூப்பிட்டிருக்கிறாய், நான் உன்னை விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். இத்தனை மாதமும் எதற்குப் பயந்தேனோ, அதை நானே செய்துவிட்டேன். உன்னிடம் திரும்பி ஓடிவந்தேனே, அன்றைக்கு மைதானத்தில் ஓடியவர்களிலேயே அதுதான் வேகம் என்று பாவாடை சொல்கிறான். அவன் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

கிட்டே வந்து பார்த்தால் நீ அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாய். கண்ணில் தண்ணீர், கையில் பேட்டன், வாயில் சிரிப்பு. கன்னம் வலிக்கிற சிரிப்பு இல்லை அது. எனக்கு வித்தியாசம் தெரியும் நாயகி. இப்போது தெரியும்.

"குடுக்கறதுக்குள்ள இன்னாங்க அவ்ளோ அவசரம்? இந்தாங்க" என்றாய்.

ரெண்டு கண்ணாலும் நன்றாகப் பார்த்து வாங்கிக்கொண்டேன்.

பிறகு மூன்று வாரம் நீ நம் வீட்டில் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்ததையும், நான் ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்ததையும், ஒரு நாள் நீ தூங்கும்போது வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு பிடிபட்டதையும் எழுத வேண்டியதில்லை. அந்த மூன்று வாரத்துக்காகத் தசை கிழிந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். உன் தசை என்பதால் வெளியே சொல்லவில்லை.

பொங்கல் விழாவில் மைக் பிடிக்கச் சொல்லி வியாபாரிகள் சங்கத்தில் கேட்கிறார்கள். நீ சரி என்றால்தான் வாயைத் திறப்பேன். சொல்வதாக இருந்தால் இப்படித்தான் முடிப்பேன்: நான் வாயால் கெடுத்ததற்குக் கோபித்துக்கொண்டு மலைக்கு மாற்றல் வாங்கிப் போன பெண்டாட்டியை, ஓடியே கீழே இறக்கிக் கூட்டிவந்த ஒரே புருஷன் இந்த மாவட்டத்திலேயே நான்தான் என்று.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வருவாயா?

ஆதிமூலம்

*

கரியாலூர்
8.1.2024

ஏங்க,

வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். இனிமேல் எல்லா வெள்ளிக்கிழமையும் வருவேன். பஸ் ஸ்டாண்டுக்குச் சின்னக்கண்ணுவை அனுப்ப வேண்டாம், நீங்கள் வாருங்கள். கால் மாடிப்படி ஏறுகிறது, இறங்கும்போதுதான் கொஞ்சம் இழுக்கிறது. இந்த வாரத்திலிருந்து மெதுவாக நடக்கலாம். அடுத்த வருடப் போட்டிக்கு நிறைய நாள் இருக்கிறது. அதற்குள் உங்கள் வயிற்றைக் குறைக்க வேண்டும். உங்கள் முதுகைத் தாண்டி எனக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை.

பொங்கல் விழாவில் மதுரைக் கதையைச் சொல்லுங்கள். நான் முன்வரிசையில் உட்காருகிறேன். நீங்கள் கையை நீட்டிக்கொண்டு ஓடியதை அவசியம் நடித்துக் காட்டுங்கள். நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை, எனக்கு அப்போது கண்ணில் தண்ணீர்.

முடிவை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சனி ஞாயிறு இறங்கி வராமல் இருந்தது கோபம்தான். மலைக்கு வந்தது கோபத்தில் இல்லை. ஏற்ற இறக்கத்தோடு ஓட நல்ல ரோடு இருக்கிறது, வெயில் கம்மி என்று மாற்றல் கவுன்சிலிங்கில் கரியாலூரை நானே கேட்டு வாங்கினேன். கல்யாணத்தன்று பந்தி முடிந்ததும் உங்களிடம் சொல்லலாம் என்று இருந்தேன். கவுன்சிலிங் திங்கட்கிழமை. நீங்கள் மைக் பிடித்தது அதே வாரம் வியாழக்கிழமை.

பெரியநாயகி